பாப்பா படிக்கிறாள்!

"எழுத்துக் கூட்டவே தெரியாத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு, சார்?"

சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம்மிடம் இப்படிக் கேட்டார் ஒரு தகப்பனார். நியாயமான கேள்விதான். அவருடைய வலது கையில் ஒரு படப் புத்தகம் இருந்தது. மொத்தம் இருபத்து நாலு பக்கம். பக்கத்துக்கு ஒரு வரி. சில பக்கங்களில் அந்த ஒரு வரியும் இல்லை. இடது கையில், போட்டிப் பரீட்சைக்கான தலையணை போன்ற பொது அறிவுப் புத்தகம். இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கனத்தை வைத்துப் பார்த்தால் எது லாபம் என்று சொல்லவும் வேண்டுமா?

"இதைப் பாருங்கள். அஞ்சு நிமிஷத்தில் முடிந்து விடுகிறது. வீட்டுக்குப் போனதும் கிழித்தும் விடுவாள். இதற்கு இவ்வளவு விலையா?" என்றார்.

நமக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால், சம்பந்தப்பட்ட 'வாசகி' அப்போது மும்முரமாகப் படித்துக் கொண்டிருந்தாள். வயது மூன்று இருக்கும். கடையின் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் இன்னொரு படப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் அவளுடைய ஆயா. பக்கத்தில் ஓர் எருமை. எருமையின் முதுகில் ஒரு கொக்கு.

"கொக்கு எங்க போவுது ஆயா?"

"ஏரிக்குத்தான் கண்ணு. வேற எங்க போவும்?"

அந்தப் பக்கத்தில் ஏரியும் இல்லை. ஏரி என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் ஆயாவுக்கும் பேத்திக்கும் ஏரி தெரிந்து விட்டது!

தகப்பனாரின் கேள்விக்கு அன்று சொல்லத் தவறிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

காகம் கற்றுக் கொடுத்த பாடம்

குழந்தைக்கு முதலில் வேலை செய்யத் தொடங்குவது கண். எழுத்து பிறகுதான் வருகிறது. இன்று இது நமக்குச் சாதாரண உண்மையாகத் தெரிகிறது. ஆனால் பாடப் புத்தகத்தில் அதைச் செய்து காட்ட ஒரு மனிதர் பிறந்து வரவேண்டியிருந்தது. அவர் பெயர் கொமீனியஸ். இன்றைய செக் நாட்டின் மொராவியா பகுதியில் 1592-ல் பிறந்தவர். பாதிரியார், பள்ளி ஆசிரியர். மதச் சண்டையில் நாட்டை விட்டே துரத்தப்பட்டவர். மனைவியையும் குழந்தைகளையும் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்தவர். போலந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஊரும் 1656-ல் யுத்தத்தில் எரிந்தது. ஆண்டுக் கணக்கில் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் அத்தீயில் சாம்பலாயின.

இத்தனை கஷ்டப்பட்ட மனிதர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் குழந்தைகளுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? படம் போட்ட ஒரு பாடப் புத்தகம்! 1658-ல் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரில் அச்சாயிற்று. 'படங்களில் உலகம்' என்பது அதன் பெயரின் பொருள். வானம், நெருப்பு, பறவைகள், தச்சன், தையற்காரன், ரொட்டி சுடுகிறவன் என்று ஒவ்வொன்றுக்கும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கீழே உள்ள வாக்கியத்திலும் அதே எண். விரலைப் படத்தில் வைத்தால், சொல் தானே வந்து அகப்படும்.

தொடக்கத்தில் எழுத்துக்களைக் கற்பிக்கும் இடம் இன்னும் வேடிக்கை. பெரும்பாலான எழுத்துக்களுக்கு ஒரு பிராணியின் குரல்! முதல் எழுத்துக்குக் காகம் கரைகிறது. காகத்தைப் போல் கத்தத் தெரியாத குழந்தை உண்டா? அப்படியானால் முதல் எழுத்து அதற்கு ஏற்கெனவே தெரியும் என்றுதானே அர்த்தம்! ஐரோப்பாவில் பல தலைமுறைக் குழந்தைகள் இந்தப் புத்தகத்தில் படித்தார்கள். மகாகவி கதேயும் தம் இளமை நினைவுகளில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

டாக்டர் வாங்கிய வெற்று நோட்டு

கொமீனியஸின் புத்தகம் பாடம் சொல்ல வந்தது. வெறும் சந்தோஷத்துக்காகப் படப் புத்தகம் செய்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து டாக்டர் ஹாப்மன். 1844 டிசம்பரில், மூன்று வயது மகன் கார்லுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் புத்தகம் வாங்கக் கடைவீதிக்குப் போனார். கிடைத்தவை எல்லாம் நீண்ட கதைகளும் உபதேசங்களுமாக இருந்தன. ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு வெற்று நோட்டை வாங்கிக் கொண்டு வீடு திரும்பினார். "நானே செய்து விடுகிறேன்" என்றால் மனைவி சிரிக்க மாட்டாளா?

ஆனால் டாக்டருக்கு அந்தக் கலை கைவந்திருந்தது. சிகிச்சைக்குப் போகும் வீடுகளில் அவரைக் கண்டதுமே குழந்தைகள் அலறும். உடனே சட்டைப் பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்து ஏதாவது கோணல் மாணலாக வரைந்து, அதற்கொரு கதையும் சொல்வார். அழுகை நின்று விடும். நாடியைப் பிடித்து விடுவார்! அந்தக் கோணல் படங்களே நோட்டில் ஏறின. நகம் வெட்ட மாட்டேன், தலை வார மாட்டேன் என்ற பரட்டைத் தலைப் பையன் பிறந்தான். நண்பர்கள் வற்புறுத்தவே 1845-ல் அச்சுக்கும் வந்தது. முதற் பதிப்புச் சில வாரங்களில் விற்றுப் போயிற்று.

அதில் உள்ள தண்டனைகள் இன்றைய பெற்றோருக்குக் கொஞ்சம் பயங்கரமாகவே தோன்றும். அது வேறு விஷயம். புத்தகம் கிழிவதைப் பற்றி அவருக்கு இருந்த எண்ணத்தை நம் தகப்பனார் அவசியம் கேட்க வேண்டும். குழந்தைப் புத்தகம் பார்வைக்குத்தான் கெட்டியாக இருக்க வேண்டும், உண்மையில் கெட்டியாக இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பார்ப்பதற்கும் படிப்பதற்கும் மட்டுமல்ல, கிழிப்பதற்கும்தான் அது உண்டாக்கப்பட்டதாம்!

வார்த்தை சொல்லாததைப் படம் சொல்லும்

சீமையில் எட்மண்ட் எவான்ஸ் என்ற அச்சுக்கூடக்காரர் இருந்தார். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு மரக்கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிய வைத்து அழகான வர்ணப் படங்கள் அச்சிடுவதில் அவர் சூரர். மலிவுப் புத்தகம் என்றால் அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்ற அந்தக் காலத்து நினைப்பை அவர் ஒப்புக் கொள்ளவில்லை. பல்லாயிரம் பிரதிகள் அடித்தால், அழகான புத்தகத்தையும் மலிவாகக் கொடுக்கலாம் என்று நம்பினார். அவரோடு சேர்ந்தவர்களில் ஒருவர் ராண்டால்ப் கால்டிகாட். பாங்கிக் குமாஸ்தாவாக இருந்து சித்திரக்காரரானவர். 1878 முதல் கால்டிகாட் வரைந்த ஒரு ஷில்லிங் புத்தகங்கள் குழந்தைகளை மயக்கின.

என்ன மயக்கம் அது? ஓர் உதாரணம் பார்ப்போம். ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றில் ஒரு தட்டு, ஒரு கரண்டியோடு ஓடிப் போகிறது. பாட்டு அதோடு சரி. கால்டிகாட் விடவில்லை. பக்கத்தைத் திருப்பினால் எழுத்தில்லாத ஒரு படம். தட்டு தரையில் விழுந்து சுக்கு நூறாகக் கிடக்கிறது. கரண்டியை இரு பக்கமும் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போகிறார்கள் அப்பா கத்தியும் அம்மா முள்கரண்டியும்! பாட்டைப் படித்துக் காட்டும் பெரியவர் இதைக் கவனிக்காமலே பக்கத்தைப் புரட்டி விடலாம். குழந்தை விடாது. "இரு, இரு" என்று கையைப் பிடித்து நிறுத்தும்.

படப் புத்தகத்தின் ரகசியமே இதுதான். பெரியவர் எழுத்தைப் படிக்கிறார். அதே நேரத்தில் குழந்தை படத்தைப் படிக்கிறது. இரண்டு பேரில் அதிகமாகக் கண்டுபிடிப்பது குழந்தைதான். வீட்டில் மற்ற எல்லா விஷயங்களிலும் கடைசியாக நிற்கிற பிராணி, இந்த ஒரு விஷயத்தில் முதலாவதாக நிற்கிறது. அதன் முகத்தில் தெரியும் பெருமைக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கால்டிகாட் 1886-ல், நாற்பது வயது நிறையுமுன்பே காலமானார். ஆனால் அமெரிக்க நூலகச் சங்கம் 1938 முதல் ஆண்டுதோறும் சிறந்த படப் புத்தகத்தின் ஓவியருக்குக் கொடுத்து வரும் பதக்கம் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

நோயாளிச் சிறுவனுக்கு ஒரு கடிதம்

1893 செப்டம்பர் 4. ஸ்காட்லாந்தில் கோடையைக் கழித்துக் கொண்டிருந்த பீட்ரிக்ஸ் பாட்டர் என்ற இருபத்தேழு வயதுப் பெண், நோயுற்றுப் படுத்திருந்த ஐந்து வயது நோயல் மூர் என்ற சிறுவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நோயலின் தாய், பீட்ரிக்ஸுக்கு முன்பு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தவள். எழுத விஷயம் ஒன்றும் இல்லை. ஆகவே நாலு முயல் குட்டிகளின் கதையைப் படம் போட்டு எழுதி அனுப்பினாள். அம்மா பேச்சைக் கேட்காமல் மக்ரிகர் தோட்டத்துக்குள் நுழைந்து, நீலச் சட்டையையும் செருப்பையும் பறிகொடுத்து, உயிர் பிழைத்து ஓடி வந்த பீட்டர் முயலின் கதை அது.

சிறுவன் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தான். சில ஆண்டுகள் கழித்து அவனிடமிருந்தே அதைக் கடனாக வாங்கி, விரித்துப் புத்தகமாக்கினாள் பீட்ரிக்ஸ். பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பினார்கள். புத்தகம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவளோ, சின்னக் கைகளுக்கு அடங்கும் சின்னப் புத்தகம்தான் வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். 1901 டிசம்பரில் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டாள். அவை கை மாறிய வேகத்தைப் பார்த்தபின் வார்ன் கம்பெனி முன்வந்தது. 1902 அக்டோபரில் வர்ணப் படங்களோடு வெளியிட்டது. அந்த ஆண்டு முடியுமுன்பே இருபதினாயிரம் பிரதிகளுக்கு மேல் போய் விட்டன.

அந்த முயலைப் பாருங்கள். சட்டை போட்டிருக்கிறதே தவிர, உடம்பு அசல் முயலுடையது. பீட்ரிக்ஸ் வீட்டில் முயல் வளர்த்தவள்; செத்த பிராணிகளின் எலும்பைக் கூட ஆராய்ந்து வரைந்தவள்; காளான்களைப் பற்றி அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1897-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. குழந்தைதானே என்று ஏனோ தானோவென்று வரையவில்லை. குழந்தை என்பதாலேயே சரியாக வரைந்தாள். 1943-ல் காலமானபோது, புத்தக வருமானத்தைக் கொண்டு வாங்கிச் சேர்த்த 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்தாள். முயல் குட்டி சம்பாதித்த சொத்து!

ஓட்டைக்குள் ஒரு விரல்

இன்னும் ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லி விட்டு விலை விஷயத்துக்கு வருகிறோம். காகிதத்தில் ஓட்டை போடும் கருவியைக் கையில் வைத்துக் கொண்டிருந்தபோது எரிக் கார்ல் என்ற அமெரிக்க ஓவியருக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்தைத் துளைத்துத் தின்று கொண்டே போகும் ஒரு புழு! பதிப்பாசிரியை, "புழுவை விடக் கம்பளிப்பூச்சி நல்லது" என்ற கருத்தைச் சொன்னார். கம்பளிப்பூச்சி என்றால் கடைசியில் பட்டாம்பூச்சி ஆகலாம் அல்லவா? திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று கணக்கும் கிழமையும் அதனுள் தாமாகவே புகுந்து விட்டன.

ஆனால் வெவ்வேறு அகலத்தில் பக்கம் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு, கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க அமெரிக்காவில் அச்சகம் அகப்படவில்லை. ஜப்பானில் அச்சிட்டு 1969-ல் கொண்டு வந்தார்கள். அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் கோடிக்கணக்கான பிரதிகள் விற்றிருக்கின்றன. எந்த நாட்டுக் குழந்தையானாலும் அந்த ஓட்டையைக் கண்டதும் விரலை விட்டுப் பார்க்காமல் இராது.

விலையின் கணக்கு

இனித் தகப்பனாரின் முக்கியமான ஆட்சேபம். இருபத்து நாலு பக்கத்துக்கு ஏன் இந்த விலை?

வர்ணப் படம் என்பது நாலு மைகளின் வேலை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு தகடுகள். நாலும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். காகிதம் கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கத்துப் படம் முன்பக்கம் தெரியும். ஓவியருக்கு ஊதியம் உண்டு. ஆயிரம் பிரதி அடித்தாலும், லட்சம் பிரதி அடித்தாலும் ஓவியத்துக்கும் தகட்டுக்கும் ஆகும் செலவு ஒன்றே. பிரதிகள் குறைந்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைவார்கள். எவான்ஸ் துரை அன்றே புரிந்து கொண்ட கணக்கு இதுதான்.

இந்தச் சக்கரத்திலிருந்து தப்ப அச்சுத் தொழிலில் ஒரு யுக்தி உண்டு. எழுத்துக்களைக் கறுப்பு மையில் மட்டும் வைத்தால், படங்களைப் பல மொழிகளுக்கும் சேர்த்து மொத்தமாக அச்சிடலாம். மொழி மாறும்போது கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். 1957-ல் ஏற்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், நேரு பால புஸ்தகாலயா வரிசையில் ஒரே படங்களோடு ஒரே கதையை இந்திய மொழிகள் பலவற்றில் கொடுத்தது. சோவியத் நாட்டிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த குழந்தைப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில்லறைக் காசுக்கு வாங்கியவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாகிக் கொண்டிருக்கிறார்கள். பனியையே பார்த்திராத நம் குழந்தைகள் பனிக்காட்டுக் கரடிகளோடு விளையாடியது அந்தப் பக்கங்களில்தான். 1991-ல் சோவியத் யூனியன் மறைந்தது. அந்தப் புத்தக வரத்தும் நின்றது.

ஆனால் வழி அடைபடவில்லை. 1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம், தமிழ் உட்படப் பல மொழிகளில் படப் புத்தகங்கள் வெளியிட்டு வருகிறது. தாரா பதிப்பகம் கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கறுப்புக் காகிதத்தில் கையாலேயே அச்சிட்டு 2006-ல் வெளியிட்ட புத்தகம், 2008-ல் இத்தாலியின் பொலோனா புத்தகச் சந்தையில் பரிசு பெற்றது. பிரதம் புக்ஸ் ஸ்தாபனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத் தளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். சென்னைக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வாங்க முடியாவிட்டாலும், குழந்தையை அழைத்துப் போக முடியும் அல்லவா?

பரீட்சை வைக்காதீர்கள்!

புத்தகம் கிடைத்து விட்டது. அடுத்து எப்படிப் படிப்பது? 1988-ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லாப் பெற்றோரும் குழந்தைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டினார்கள். பாதிப் பேருக்கு மட்டும் ஒரு யோசனை சொல்லப்பட்டது: நீங்களே படித்துக் கொண்டு போகாதீர்கள், குழந்தையைப் பேச விடுங்கள், என்ன நடக்கிறது என்று கேளுங்கள், அது சொல்வதோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றக் குழந்தைகளை முந்தி விட்டன.

ஆகவே, "இது என்ன? அது என்ன? சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். பக்கத்தைப் புரட்டும் உத்தியோகத்தைக் குழந்தையிடமே விட்டு விடுங்கள். ஒரே புத்தகத்தை நூறு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில்தான் அந்த வயதுக்கு ஆனந்தம். கைப்பேசியில் படங்கள் தாமாகவே ஓடி விடுகின்றன. புத்தகத்தில் குழந்தை புரட்டினால் ஒழியக் கொக்கு நகராது. அந்த அதிகாரம் குழந்தைக்கு வேறு எங்கே கிடைக்கும்?

ஆயாவின் தீர்ப்பு

கண்காட்சிக்குத் திரும்புவோம். தகப்பனார் குனிந்து, மகள் மடியிலிருந்த புத்தகத்தை நேராகத் திருப்பி வைத்து, அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே வரியை உரக்கப் படித்துக் காட்டினார். கொக்கு வீட்டுக்குப் போகிறது என்று அதில் போட்டிருந்தது.

"இல்லப்பா. ஏரிக்குப் போவுது. ஆயா சொல்லிச்சி" என்றாள் மகள், தயவு தாட்சண்யம் இல்லாமல்.

தகப்பனார் சிரித்து விட்டார். "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, சார்" என்றார் நம்மிடம், சற்றுக் கூச்சத்தோடு.

கிழவியார் கூச்சப்படவில்லை. "ஆமா தம்பி, நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போவல. எங்க வூட்ல புத்தகம்னா இவன் படிப்பான், நான் தொடச்சி வெப்பேன். இதுல இருக்கறது மட்டும் எனக்கும் தெரியுது பாரு!" என்றார். சொல்லி விட்டு அடுத்த பக்கத்தைப் பேத்தி புரட்டுவதற்காகக் காத்திருந்தார்.

தகப்பனார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொது அறிவுப் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தார். கடைக்காரரிடம் கழிவு உண்டா என்று கேட்டு, பத்து சதவிகிதம் குறைத்துக் கொண்டு, எருமையும் கொக்கும் உள்ள புத்தகத்துக்குப் பணம் கொடுத்தார். பையில் போட்டுத் தரட்டுமா என்றார் கடைக்காரர்.

"வேணாம், நானே எடுத்துக்கினு வரேன்" என்று ஆயா கை நீட்டினார். அதற்குள் பாப்பா முந்திக் கொண்டாள்.